சத்திரத்தில் மூன்று நாள்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களிடமிருந்து, தில்லியில் இருக்கும் நமக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் வினா ஒன்று உண்டு. “பெற்றோரைக் காசிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம், எங்கே தங்கலாம்?” என்பதே அது. நாக்பூரிலிருந்து வந்தாலும், ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தாலும், ஆமதாபாத்திலிருந்து வந்தாலும் இவ்வினாவின் பின்னே மற்றொரு வினா மறைந்து நிற்கிறது. “செலவு மிகாமல் எங்கே தங்கலாம்?” என்று வாய்விட்டுக் கேட்கப் பலரும் கூசுகின்றனர். கூச வேண்டிய தேவையே இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று, இரண்டு இரவும் மூன்று பகலும் ஒரு நகரில் தங்க வேண்டுமாயின், பயணச் செலவைக் காட்டிலும் தங்கும் செலவே மிகுந்துவிடுதல் இன்று இயல்பாகிவிட்டது.

பழைய சத்திரங்களும் தர்மசாலைகளும் இன்னும் இருக்கின்றன, அங்கே தங்குங்கள் என்பதே நாம் கூறும் விடை. ஆனால் இவ்விடையை மட்டும் கூறி நிறுத்திவிட்டால் அது அரைகுறையான விடையாகும். மலிவான ஓட்டல் என்று எண்ணிக்கொண்டு சத்திரத்தினுள் நுழைபவர் தாமும் ஏமாற்றம் அடைவார், பிறரையும் வருத்துவார். நாமே ஒருமுறை அவ்வாறு நுழைந்து, பிறரை வருத்தியிருக்கிறோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம். சத்திரம் என்பது யாது, அது எவ்வாறு நடக்கிறது, அதில் தங்குபவர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பவற்றை முதலில் காண்போம்.

தெற்கிலிருந்து காசிக்குச் செல்லும் தமிழர் பலர், கங்கைக்கு அக்கரையில் உள்ள பெரிய ரயில் சந்திப்பில் இறங்கி, மாளவியா பாலத்தைக் கடந்து நகருக்குள் புகுவது நெடுநாளைய வழக்கம். அச்சந்திப்புக்கு 2018-ஆம் ஆண்டில் பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன் அதன் பெயர் முகல்சராய். ‘சராய்’ என்பது பாரசீகச் சொல். வழிப்போக்கர் தங்கும் இடத்தைக் குறிப்பது. தில்லியில் யூசுப் சராய், பேர் சராய், சராய் காலே கான் என்று பல பகுதிகள் இருப்பதை அந்நகரில் வாழும் அன்பர்கள் அறிவர். பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாக மட்டுமே நாம் இன்று அறிந்திருக்கும் இவ்விடங்கள், ஒரு காலத்தில் பயணிகள் இரவைக் கழித்த இடங்களாம்.

சராய் என்பது நாற்புறமும் மதில் சூழ்ந்த சதுரமான கட்டடம். மதிலை ஒட்டி உட்புறமாகச் சிறுசிறு அறைகள், நடுவே திறந்த முற்றம், முற்றத்தில் கிணறு, ஒன்றோ இரண்டோ பெரிய வாயில்கள். பொழுது சாய்ந்ததும் வாயில் அடைபடும். விடிந்த பின்னரே திறக்கும். கள்வர் அச்சம் மிகுந்திருந்த நாளில் பயணிக்கு அறையைவிட அந்த வாயிற்கதவே முதன்மையானது. 1540 முதல் 1545 வரை ஆட்சி புரிந்த ஷேர்ஷா, பெருவழிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒன்றாக 1,700 சராய்களை அமைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அப்பாஸ் கான் குறித்திருக்கிறார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அறைகளும் தண்ணீரும் அங்கு வைக்கப்பட்டிருந்தன என்றும் அவர் கூறுகிறார்.

பிற்காலத்தில் இத்தகைய விடுதிகளை ஒழுங்கு செய்வதற்காக 1867-ஆம் ஆண்டில் சராய்ச் சட்டம் என ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டங்களையும் விதிகளையும் மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சட்டத்தைப் படிப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. விடுதியைப் பதிவு செய்ய வேண்டும். அறைகளையும் தாழ்வாரங்களையும் வடிகால்களையும் கிணறுகளையும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். தொற்றுநோய் கண்டவர் எவரேனும் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். காவலாளிகளை அமர்த்த வேண்டும். கட்டண விவரத்தை எல்லாரும் காணும்படி எழுதி வைக்க வேண்டும் என்று அது பணித்தது. இவற்றோடு மற்றொரு விதியும் உண்டு. திருடர் ஏறி உள்ளே இறங்குவதற்கு இடங்கொடுக்கும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டுமாம்! விடுதி நடத்துவோரின் கடமைகளை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்தவர், தாமே ஓர் இரவு சராயில் உறக்கமின்றிக் கிடந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சராய் வடக்கின் மரபு. நமது சத்திரமோ அதனினும் ஒருபடி மேலானது. சராயில் பயணிக்குக் கிடைத்தது பெரும்பாலும் இடமும் தண்ணீரும். சத்திரத்தில் சோறும் கிடைத்தது. ‘சத்ர’ என்னும் வடசொல் தமிழில் சத்திரமாயிற்று. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்து, அவற்றுக்கு ஊர்களின் வருவாயை மானியமாக எழுதி வைத்தனர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. கிழக்கிந்தியக் கும்பினியார் நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்டபோது, இச்சத்திரங்களின் மானியத்துக்கு ஊறு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சிய இரண்டாம் சரபோஜி மன்னர், 1801-ஆம் ஆண்டில் கும்பினியாரின் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதியினர்க்கும் உணவு அளிக்கப்படுவதையும், நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவம் செய்யப்படுவதையும், அங்கேயே பெற்றோரை இழந்துவிடும் குழந்தைகள் வளர்க்கப்பட்டுக் கல்வி பெறுவதையும் அக்கடிதத்தில் அவர் விரித்துரைத்திருக்கிறார். ஒரு மன்னர் தம் அரசுரிமையைப் பற்றி மட்டுமன்றி, வழிப்போக்கனின் ஒரு வேளைச் சோற்றைப் பற்றியும் கவலை கொண்டார் என்பது எண்ணத்தக்கது. அவரே 1820-ஆம் ஆண்டில் புறப்பட்டுக் காசி யாத்திரை மேற்கொண்டார்.

காசியிலிருந்து இராமேசுவரத்துக்கும், இராமேசுவரத்திலிருந்து காசிக்கும் மக்கள் நடந்த காலம் அது. வடக்கிலிருந்து வந்தவருக்கு நம் ஊர்ச் சத்திரம் சோறிட்டது. தெற்கிலிருந்து சென்றவருக்காகக் காசியில் நம்மவர் மடங்களையும் சத்திரங்களையும் கட்டினர். கேதார கட்டத்தில் உள்ள குமாரசுவாமி மடம், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர அடிகளால் நிறுவப்பெற்றது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-ஆம் ஆண்டில் காசியில் ஒரு சத்திரம் தொடங்கினர். அங்கிருந்து நாள்தோறும் பூசைப் பொருள்களைச் சுமந்துகொண்டு ‘சம்போ’ என்னும் முழக்கத்துடன் விசுவநாதர் கோயிலுக்குச் செல்லும் ஊர்வலம் இன்றும் நடைபெறுகிறது. நந்தவனத்துக்காக அவர்கள் வைத்திருந்த நிலம் ஒன்று சிக்ரா பகுதியில் ஆக்கிரமிப்பில் இருந்து, வழக்காடி மீட்கப்பட்டு, அதில் 2025-ஆம் ஆண்டில் புதிய சத்திரக் கட்டடமும் எழுந்தது. ஹனுமான் கட்டம், அரிச்சந்திர கட்டம், கேதார கட்டம் ஆகியவற்றை ஒட்டிய சந்துகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பாரதியார் தம் இளமையில் அத்தை குப்பம்மாள் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றதும் ஹனுமான் கட்டத்திலேதான். ஆகவே காசியில் இறங்கும் தமிழர் அயலூரில் இறங்குவதாக எண்ண வேண்டியதில்லை; தமக்கு முன் வந்தவர்கள் விட்டுச் சென்ற வீட்டில் இறங்குவதாகவே எண்ணலாம்.

இனி, சத்திரத்தில் வாடகை ஏன் குறைவாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இதனைத் தெளிவாக அறிந்துகொண்டால், மற்ற விதிகளெல்லாம் தாமே விளங்கிவிடும்.

ஓர் அறையை ஓர் இரவு ஒருவருக்கு அளிப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிலத்தின் விலை, கட்டடத்தின் விலை, பெருக்குபவரின் ஊதியம், காவலாளியின் ஊதியம், மின்சாரம், தண்ணீர், ஆண்டுதோறும் மழைக்குப் பின் செய்ய வேண்டிய பழுது, வெள்ளையடிப்பு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஓட்டல் நடத்துபவர் இவ்வளவையும் கூட்டி, அதன்மேல் தம் ஊதியத்தையும் சேர்த்து, நம்மிடம் வாங்குகிறார். அது முறையே. சத்திரத்திலோ, நிலத்தையும் கட்டடத்தையும் எவரோ ஒருவர் முன்பே கொடுத்துவிட்டார். அதற்கென ஒரு கட்டளையும் ஏற்படுத்திச் சென்றிருக்கிறார். நாம் கொடுப்பது பெருக்குவதற்கும் விளக்கெரிப்பதற்கும் உரிய பங்கு மட்டுமே. எஞ்சிய தொகையை நமக்கு முன்னே மறைந்துபோன ஒருவர் நமக்காகச் செலுத்திவிட்டார். ஆகவே அங்கு வாடகை குறைவு என்று கூறுவதைவிட, வாடகையின் பெரும்பகுதி முன்னரே கட்டப்பட்டுவிட்டது என்று கூறுவதே பொருந்தும்.

கட்டிச் சென்றவர் யாருக்காகக் கட்டிச் சென்றார்? தெருவில் படுக்க நேரும் பயணி ஒருவர் கூரையின்கீழ்ப் படுக்க வேண்டும் என்பதற்காக. அவருடைய கருத்தில் அறை என்பது ஒருவருக்கு விற்கப்படும் பொருளன்று; ஒருவர் எழுந்தவுடன் மற்றொருவர் அமரும் பந்தி இலை போன்றது. மூன்று நாளுக்குமேல் தங்கக் கூடாது என்று பல சத்திரங்களில் விதி இருப்பது இதனாலேதான். இரவு பத்து மணிக்கு வாயில் அடைபடுவதும், மது, புலால் முதலியவற்றுக்குத் தடை இருப்பதும், உணவு வேண்டுவோர் காலையிலேயே சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதும் இக்கருத்தின் கிளைகளே. ஓட்டலில் விதி என்பது விருந்தினரின் வசதிக்காக வகுக்கப்படுவது. சத்திரத்தின் விதியோ இன்னும் வந்து சேராத அடுத்த பயணியின் வசதிக்காக வகுக்கப்படுவது.

இவ்வளவும் அறிந்தபின் தங்குமிடத்தைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

காசியில் குறைந்த செலவில் தங்குவதற்கு மூவகை இடங்கள் உண்டு. அறக்கட்டளைகள் நடத்தும் சத்திரங்களும் தர்மசாலைகளும் முதல் வகை. அவற்றுள் சில, நிறுவியவரின் ஊரார்க்கோ சமூகத்தார்க்கோ முதலுரிமை அளிக்கும். சில, குடும்பமாக வருவோரை ஏற்று, தனியாக வருவோரை ஏற்பதில்லை. இதனை முன்கூட்டியே கேட்டறிதல் நலம். இல்லையென்று சொன்னால் வருந்த வேண்டா. கங்கைக்கரையை அடுத்த பழைய வீடுகளில், வீட்டார் ஒரு தளத்தில் வாழ்ந்துகொண்டு பிற அறைகளை வாடகைக்கு விடும் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்னும் விடுதிகள் இரண்டாம் வகை. இவற்றில் வாடகை சற்று மிகுதி. ஆனால் விதிகள் குறைவு. ரயில் நிலையத்து ஓய்வறைகள் மூன்றாம் வகை. பயணச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் இவை, நள்ளிரவில் வந்து இறங்குவோர்க்கு மிகவும் பயன்படும். வண்டி இரவு இரண்டு மணிக்கு வருமாயின், விடியும்வரை ஓய்வறையில் இருந்துவிட்டுச் சத்திரத்துக்குச் செல்வதே இருபாலார்க்கும் நன்மை. அடைத்த வாயிலைத் தட்டி உறங்குபவரை எழுப்ப வேண்டியதில்லை.

முதியோருடன் செல்பவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன் மூன்று செய்திகளைக் கேட்க வேண்டும். வண்டி எதுவரை வரும் என்பது முதற்செய்தி. காசியின் சந்துகள் குறுகியவை. பலவற்றில் ஆட்டோ நுழையாது. கடைசி நானூறு அடியைப் பாட்டியார் நடந்தே கடக்க வேண்டியிருக்கலாம். அறை எத்தனையாவது தளத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. பழைய வீடுகளின் படிகள் உயரமானவை, செங்குத்தானவை. தூக்கி ஏற்றும் மின்னேணி பெரும்பாலும் இராது. கழிப்பறை எவ்வகையானது, அறையை ஒட்டியதா பொதுவானதா என்பது மூன்றாவது. முழங்கால் வலியுடையோர்க்கு இது கட்டிலைவிட முக்கியம். இம்மூன்றையும் கேட்க நாணிவிட்டு, சென்ற இடத்தில் அல்லற்படுவோர் பலர்.

பருவத்தையும் கருத வேண்டும். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உடைய பழைய கட்டடங்கள் கோடையில் ஓரளவு குளிர்ச்சி தரும். ஆனால் தை மாதத்தில் அதே சுவர்கள் பனிக்கட்டிபோல் இருக்கும். அப்போது ‘ரஜாய்’ எனப்படும் பஞ்சு மெத்தைப் போர்வை கிடைக்குமா, வெந்நீர் வாளிக்கு என்ன கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணியை ஒட்டிய நாள்களில் கங்கை பெருகிப் படித்துறைகள் நீரில் மூழ்குவதுண்டு. கரையோரமாக நடந்து செல்லலாம் என்ற எண்ணம் அப்போது பயன்படாது. சிவராத்திரியிலும் கார்த்திகைப் பௌர்ணமியிலும் இடம் கிடைப்பது அரிது. மற்றுமொன்று: மாடியில் துணி உலர்த்துவோர் குரங்குகளை மறந்துவிட வேண்டா. சன்னல்களுக்குக் கம்பி வலை இட்டிருப்பது கொசுவுக்காக மட்டுமன்று.

முன்பதிவு செய்யும்போது ஏமாறாதிருத்தலும் இன்றியமையாதது. புகழ் பெற்ற சத்திரங்களின் பெயரில் போலி இணையதளங்கள் அமைத்து, தொலைபேசி வழியே முன்பணம் பறிப்போர் இக்காலத்தில் பெருகிவிட்டனர். தனியார் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்புமாறு எவரேனும் கூறினால் நிறுத்திவிடுங்கள். முன்பு தங்கி வந்தவர்களிடம் எண் பெற்று, சத்திர அலுவலகத்துடனே பேசுங்கள். பணம் பறிபோய்விட்டால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ரயில் நிலையத்து வாயிலில், “அந்தச் சத்திரம் மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்” என்று அன்பொழுகப் பேசுபவர்க்கும் புன்னகையோடு விடை கொடுத்துவிட்டுச் சத்திரத்துக்கே சென்று பாருங்கள். சத்திரம் பெரும்பாலும் திறந்தேயிருக்கும்.

சென்றவுடன் பதிவேடு ஒன்றை நம்முன் வைப்பார்கள். பெயர், தந்தையார் பெயர், வந்த ஊர், போகும் ஊர், வந்த காரணம், உடன் வந்தோர் எண்ணிக்கை, வந்த நேரம், புறப்படும் நேரம் என்று கட்டங்கள் நீளும். ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். இதில் சலிப்படைய ஒன்றுமில்லை. தங்கியவர் யார் என்று அரசு கேட்டால் காட்ட வேண்டிய பொறுப்பு விடுதியாருக்கு உண்டு. பல தர்மசாலைகளில் அறைக்கதவில் நாதாங்கியும் தாழ்ப்பாளும் மட்டுமே இருக்கும்; பூட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆகையால் நல்ல பூட்டு ஒன்றும், இரண்டு விரிப்புகளும், ஒரு சிறு கைவிளக்கும், துணி உலர்த்தக் கொஞ்சம் கயிறும் பெட்டியில் இருத்தல் வேண்டும்.

பூட்டு என்றவுடன், முன்னே கூறுவதாகச் சொன்ன நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், நம் அன்னையாரையும் இல்லத்தாரையும் அழைத்துக்கொண்டு காசி சென்றோம். அறக்கட்டளை ஒன்றைச் சேர்ந்த விடுதியில் மூன்று நாளைக்கு ஓர் அறை கிடைத்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. பிழை அவர்களுடையதன்று, நம்முடையது. நாளொன்றுக்கு இருநூறு ரூபாய். இரண்டாம் நாள் பிற்பகல், திரிவேணி சங்கமத்தில் நீராடுவதற்காகப் பிரயாகை சென்றோம். அன்றிரவு அங்கேயே தங்கும் எண்ணம். மூட்டை முடிச்சுகளைச் சுமப்பானேன் என்று கருதி, அவற்றைக் காசி அறையிலேயே வைத்து, நம் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பணம் கட்டிய அறை நம்முடையதன்றோ என்பது நம் எண்ணம்.

மறுநாள் காலை ஒன்பது மணியளவில் திரும்பி வந்தோம். பனி இன்னும் விலகவில்லை. வாயிலை அடுத்த திண்ணையில் முதியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் ஒரே ரஜாயைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தனர். அருகே மஞ்சள் துணி சுற்றிய சிறு செம்பு. நாம் தமிழில் பேசியது கேட்டு அவர்கள் முகம் மலர்ந்தது. ஜாம்ஷெட்பூரில் மகனோடு வாழ்பவர்களாம். அம்மையாரின் தம்பி, மணம் செய்துகொள்ளாமல் அவர்களோடேயே இருந்தவர், காலமாகிவிட்டார். அவருடைய அஸ்தியைக் கரைக்க வந்திருக்கிறார்கள். முன்னிரவில் வந்து சேர்ந்தபோது அறைகள் யாவும் நிறைந்திருந்தன. அஸ்தியோடு வேறிடம் தேடி அலைய மனமின்றித் திண்ணையிலேயே இருந்துவிட்டார்கள். மேலாளர் தம்மிடமிருந்த மெத்தையையும் ரஜாயையும் கொடுத்திருக்கிறார்.

அறைகள் யாவும் நிறைந்திருந்தனவா? ஓர் அறையில் மூன்று பெட்டிகளும் ஒரு குடையும் மட்டுமே அன்றிரவு உறங்கின.

நாம் அலுவலகத்துக்குச் சென்றோம். மேலாளர் கோபம் காட்டவில்லை. “இரவு வரமாட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் சாமான்களை இங்கே வாங்கி வைத்துக்கொண்டு அறையைக் கொடுத்திருப்பேன், ஐயா. நள்ளிரவுவரை நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றே வாயிலைத் திறந்து வைத்திருந்தேன்” என்றார். அவ்வளவே. பூட்டை உடைக்க அவருக்கு உரிமை இருந்ததோ இல்லையோ, மனம் இல்லை.

முதியவரிடம் நாம் மன்னிப்பு வேண்டியபோது, “இருக்கட்டும் தம்பி, அப்படியொன்றும் குளிர் இல்லை” என்றார். அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. உடனே அறையைத் திறந்து அவர்களுக்கு அளித்துவிட்டு, எஞ்சியிருந்த ஓர் இரவை நாம் பொதுக்கூடத்தில் கழித்தோம். நம் அன்னையார் வெந்நீர் வாங்கி வந்து அந்த அம்மையாரின் கால்களுக்கு ஊற்றினார்; அஸ்தி கரைக்கச் சென்றபோது அவரும் உடன் சென்றார். அன்று முழுவதும் நம்மோடு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

இருநூறு ரூபாயில் நாம் வாங்கியது என்ன என்று அந்தப் பொதுக்கூடத்தில் படுத்துக்கொண்டு எண்ணினோம். அறையை வாங்கியிருப்பதாக நாம் கருதினோம். உண்மையில், அன்றிரவு நம்மைக் காட்டிலும் தேவை மிகுந்தவர் வராதவரையில் அங்கே படுத்திருக்கும் இசைவையே பெற்றிருந்தோம். அந்த இசைவை நமக்கு வழங்கியவர் எப்போதோ மறைந்துவிட்டார். தம் சார்பில் கேட்பதற்கு அவர் வர இயலாது. ஆகவே அவர் சார்பில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சத்திரங்கள் இன்று குறைந்து வருகின்றன. அன்று எழுதி வைத்த கட்டளைகளின் வருவாய் இன்றைய விலைவாசிக்கு ஈடுகொடுப்பதில்லை. சிலவற்றில் வழக்குகள், சிலவற்றில் தங்க வந்தவர்களே குடியேறிவிட்டார்கள், சில, ஓட்டல்களாக மாறிவிட்டன. 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விசுவநாதர் கோயில் வளாக விரிவாக்கத்துக்காகவும் கோயிலைச் சுற்றியிருந்த பழைய கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. எஞ்சியிருப்பவற்றைக் காப்பதில், அவற்றில் தங்கும் நமக்கும் பங்கு உண்டு. அப்பங்கு மிக எளியது.

புறப்படும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். பணி முன்னரே முடிந்துவிட்டால் அறையையும் முன்னரே விட்டுவிடுங்கள். வேறூர் சென்று இரவு தங்க நேர்ந்தால் சாவியை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அறையைப் பெருக்கி, குழாயை மூடி, விளக்கை அணைத்துவிட்டுச் செல்லுங்கள். வாடகைக்கு மேல் இயன்றதை நன்கொடையாகக் கொடுத்து, அதற்குரிய இரசீதைக் கேட்டு வாங்குங்கள். இரசீது கேட்பது ஐயப்படுவதாகாது, கணக்கு நேராக நடப்பதற்கு நாம் செய்யும் உதவியாகும். குறை ஏதேனும் கண்டால், ஊருக்குச் சென்று பிறரிடம் பழித்துரைப்பதைவிடச் சத்திரத்தின் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

பிறந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, அயலூரில் ஒரு கூரை கிடைப்பதன் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். முதன்முதலில் வேலை தேடி வந்த நாளில், நம்மில் ஒவ்வொருவரும் எவரோ ஒருவருடைய திண்ணையிலோ கூடத்திலோ படுத்தவர்களே. காசிக்குச் செல்லும்போது பெட்டியில் பூட்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அறைக்கு வெளியே அதனை மாட்டும் ஒவ்வொரு முறையும், இன்றிரவு இவ்வறை நமக்கு வேண்டுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.